குருவியின் கண்ணில் இரண்டு புள்ளிகள்

மதலைமுத்து ஒரே இடத்தில் நிலையாக நின்றதைப் பார்த்தவர்கள் பெங்களூர் மர்பி டவுனில் ஒருவரும் கிடையாது. சர்ச்சில் சாயங்காலப் பூசைக்குப் போனால் கடைசி வரிசையில் நின்றுகொண்டு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருப்பார். பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் போதும், வெளியே போய் அங்கே நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டர்களின் நம்பர்களையெல்லாம் படித்துவிட்டுத் திரும்பி வருவார். வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு அறைகளையும் சமையலறையையும் சுற்றுவார். சோறு முடிவதற்குள் தெருவாசல் வரை இரண்டு தடவை போய் வந்திருப்பார். "மத்தவங்களுக்குக் கால்ல சக்கரம்னா, உங்களுக்கு மோட்டாரே வெச்சி அனுப்பிச்சிட்டாரு ஆண்டவரு" என்பாள் அவர் மனைவி ஃபிலோமினா. கல்யாணமாகி இருபத்தாறு வருடமாக அவள் இதைச் சொல்லிவருகிறாள். அவரும் நடந்துகொண்டேதான் கேட்டுக்கொள்கிறார்.

இப்படிப்பட்ட ஆள் செய்கிற வேலையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில், பழுதான சர்க்யூட் போர்டுகளை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, எள்ளில் பாதி கூட இல்லாத பாகங்களைச் சூடு வைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பொருத்துபவர் அவர். சாலிடரிங் அயர்ன் கைக்கு வந்ததும் காலாட்டம் நின்றுவிடும். மூச்சுகூட மெதுவாகும். தர்மபுரியிலிருந்து வந்து அவர் பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் லாவண்யா, "அண்ணன் இருக்காரா, தூங்கிட்டாரா" என்று கேலியாகக் குனிந்து பார்ப்பாள்.

அவர் நிற்கும் இன்னொரு இடம் கேமராவுக்குப் பின்னால். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனி நண்பர் ஒருவர் தன் நீண்ட லென்ஸைக் கையில் கொடுத்து, அல்சூர் ஏரிக் கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தியைப் பார்க்கச் சொன்னார். வெறும் கண்ணுக்கு நீலப் பொட்டாகத் தெரிந்தது, லென்ஸுக்குள் அலகும் இறகும் ஈரமுமாகக் கிட்டத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. மதலைமுத்து இருபது நிமிடம் நகரவில்லை. அந்த மாதமே அப்படி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கிக்கொண்டார். ஃபிலோமினா அதற்குப் 'பீரங்கி' என்று பேர் வைத்தாள். பீரோவில் தன் பட்டுப்புடவைகளை ஓரம் தள்ளி அதற்கு இடம் விட்டவளும் அவள்தான்.

அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ் என்பது லேசுப்பட்ட சமாசாரம் இல்லை. எடை இரண்டு கிலோ. தூரத்தை எவ்வளவு இழுத்துக் கொண்டுவருகிறதோ அவ்வளவு கையின் ஆட்டத்தையும் பெரிதாக்கிவிடும். ஆகவே மற்றவர்கள் மூன்று கால் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். மதலைமுத்து வெறும் கையிலேயே பிடிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சேர்ந்து போகும் பறவைக் குழுவில் இதனாலேயே அவருக்குத் தனி மதிப்பு. ஸ்டாண்டுக்காரர்களை அவர் கேலி செய்யாத வாரம் கிடையாது. "கல்யாண வீட்ல வாழைமரம் நடற மாதிரி நட்டுட்டு நிக்கிறீங்களே, குருவி உங்களத் தேடிக்கினு வருமா?" என்பார். இந்தப் பேச்செல்லாம் பின்னால் அவருக்கே திரும்பி வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

ஜனவரியில் ஒருநாள் மைக்ரோஸ்கோப்பின் வட்டத்துக்குள் சாலிடரிங் அயர்னின் நுனி ஆடியது. யாரோ மேசையைத் தட்டுகிறார்கள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தார். ஒருவரும் இல்லை. மறுபடி குனிந்தார். மறுபடி ஆடியது. ஆடியது அவர் வலது கை. அன்றைக்குக் காபி கூடிவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டார். காபியை நிறுத்திய பிறகும் ஆடியது. ஸ்பூனில் ரசம் தளும்பியது, சட்டைப் பொத்தான் ஓட்டையைத் தேடியது, சும்மா மடியில் வைத்திருக்கும்போதும் கட்டைவிரல் தனக்குத் தெரிந்த ஏதோ தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தது.

மதலைமுத்து வலிக்கும் சாவுக்கும் அவ்வளவாகப் பயப்படாத மனிதர். ஒன்றே ஒன்றுக்குத்தான் பயம்: உட்கார வைத்துவிடுவார்கள். கம்பெனியில் தெரிந்தால் மேசையைப் பிடுங்கிக்கொள்வார்கள். வீட்டில் தெரிந்தால் பீரங்கியைப் பூட்டி வைத்துவிட்டு, டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு, "அப்பிடியே இருங்க" என்பார்கள். நிற்கும் இரண்டு இடங்களும் போய்விட்டால் ஓடுகிற மற்ற இடங்களில் தனக்கு என்ன வேலை என்று அவருக்குப் புரியவில்லை. கை நடுங்குவது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டார்.

ஒளிப்பது சுலபமாகத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து ஆடிக்கொண்டே இருப்பவரின் கை ஆடினால் யார் கண்டுகொள்ளப்போகிறார்கள்? கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார், சாவிக்கொத்தைச் சுற்றினார், பேசும்போது முன்பைவிட அதிகமாக வீசினார். கம்பெனியில் நுணுக்கமான போர்டுகளை லாவண்யா பக்கம் தள்ளி, "நீ செய்ம்மா, உன் கையி நல்லா கீது" என்று புகழ்ந்தார். அவள் அதை ஊக்கம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். வீட்டில் டீ டம்ளர் கொஞ்ச நாளாகப் பாதிதான் வந்துகொண்டிருந்தது. இன்னா இது என்று கேட்டால், "சுகர் ஏறிக்கினு போகுது, போதும்" என்பாள் ஃபிலோமினா. இந்த வயதில் டீக்கும் ரேஷனா என்று முணுமுணுத்துக்கொண்டே குடிப்பார். ஒரு விதத்தில் நல்லதாகவும் போயிற்று, பாதி டம்ளர் தளும்பாது.

மாட்டிக்கொண்டது கேமராவில்தான். வெயிலில் பிரச்சினை இல்லை, ஷட்டரை வேகமாக வைத்துவிட்டால் கை ஆடினாலும் படத்தில் தெரியாது. நிழலில் அது முடியாது. நல்ல குருவிகளோ நிழலில்தான் இருக்கும். பிப்ரவரி முழுக்க அவர் எடுத்த படங்களில் ஒவ்வொரு குருவிக்கும் இரண்டு அலகு, இரண்டு வால். ஒரு நாள் ரகசியமாக ஸ்டாண்டை இரவல் வாங்கிப் பார்த்தார். கை பட்டதும் மூன்று காலும் சேர்ந்து ஆடின.

அப்போதுதான் பிளாஷ் ஞாபகம் வந்தது. இருட்டான புதரில் பிளாஷ் அடித்தால், அந்த மின்னல் இருக்கும் கண்ணிமைக்கும் நேரத்திலும் சிறு துண்டுதான் படமாகும். அதற்குள் எந்தக் கையும் ஆடிவிட முடியாது. தூரத்துக் குருவிக்கு வெளிச்சம் எட்டுவதற்கென்று பிளாஷின் முகத்துக்கு முன்னால் மாட்டும் ஒரு பிளாஸ்டிக் தகடும் கிடைத்தது. பூதக்கண்ணாடியைப் போல வெளிச்சத்தைத் திரட்டி வீசும். அதை மாட்டிய பிளாஷைத் தெரியாத்தனமாக ஏரிக்கரை பெஞ்சில் வெயிலைப் பார்த்து வைத்துவிட்டு நடக்கப் போனார். திரும்பி வரும்போது பிளாஷின் முகம் பொசுங்கி நாறிக்கொண்டிருந்தது. அந்தக் கருகலோடேயே உபயோகித்தார். படங்கள் மறுபடி கத்தி மாதிரி வந்தன.

மே மாதம் ஒரு விசிறிவால் குருவியின் கூட்டைக் கண்டுபிடித்தார். கம்பெனிக்குப் பின்புறம், அபார்ட்மெண்டுகளுக்கும் ஏரிக்கும் நடுவே மிச்சமிருந்த மூங்கில் தோப்பில், சிலந்தி நூலால் கட்டிய சின்னக் கிண்ணம். அதில் தாய் உட்கார்ந்திருந்தது. காலையில் ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து இறங்கி, இடத்தை யாருக்கும் சொல்லாமல் ஒன்பது நாள் எடுத்தார். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை மின்னல். ஒவ்வொரு அடிக்கும் தாய் தலையைச் சுருக்கிக்கொள்ளும், ஆனால் போகாது. படத்தைப் பெரிதாக்கி, இறகின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக நிற்பதைப் பார்க்கும்போது அவருக்குக் கை சரியாகிவிட்டதாகவே தோன்றும். பத்தாவது நாள் கிண்ணம் காலியாக இருந்தது. கீழே முட்டை ஓடு ஒன்று கிடந்தது. காக்கை தூக்கியிருக்கலாம், பாம்பு ஏறியிருக்கலாம், தாயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். மதலைமுத்து அன்றைக்கு வேலைக்குப் போகாமல் ஏரியை நான்கு சுற்று சுற்றினார். ஐந்தாவது சுற்றில், காக்கைமேல் பழியைப் போட முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

அந்தக் கூட்டுப் படங்களில் இரண்டை அவர் ஏற்கனவே குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். பார்த்ததும் ருக்கு மேடம் அன்று மாலையே விதி எழுதிவிட்டார். ருக்கு மல்லேஸ்வரத்துக்காரர், அரசாங்கப் புள்ளிவிவரத் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், குழுவை நடத்துபவர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் திட்டிவிட்டு மறுபடி தமிழில் முடிப்பார். 'கூட்டுப் படம் வேண்டாம். பிளாஷ் வேண்டாம். யார் எடுத்தாலும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாராட்டு கிடையாது.' பேர் சொல்லவில்லை. சொல்லாததுதான் சுட்டது.

விதி வந்த பிறகும் மதலைமுத்துவால் விட முடியவில்லை. விட்டால் கை தெரிந்துவிடும். ஆகவே குழுவோடு போகும்போது, "அந்தாண்ட பாத்துட்டு வரேன்" என்று புதருக்குள் தனியாக நழுவுவார். அவர் நழுவுவது புதிதா என்ன, யாரும் கவனிக்கவில்லை. ஒரே ஒரு தொல்லை, குருவியின் கண். எந்த உயிருள்ள குருவியின் கண்ணிலும் வானத்தின் வெளிச்சம் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழும். பிளாஷ் அடித்தால் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு புள்ளி விழும், ஊசி குத்தியது போல. அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எப்பேர்ப்பட்ட படமானாலும் முதலில் கண்ணைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். கண் தெளிவாக, புள்ளியோடு இருந்தால் "கண்ணு பாஸ்" என்று ஒருவர் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற பேச்சு. மதலைமுத்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, இல்லை, நின்றபடியே, அந்த இரண்டாம் புள்ளியை மட்டும் அழித்துவிடப் பழகிக்கொண்டார். மவுஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அழிப்பார். ஜூன், ஜூலை, ஆகஸ்டு என்று மூன்று மாதம் வண்டி ஓடியது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு, நடை முடிந்து எல்லோரும் வழக்கமான ஹோட்டலில் இட்லி வடையோடு நின்றுகொண்டிருந்தார்கள். படங்கள் ருக்கு மேடத்தின் டேப்லெட்டில் வரிசையாக வந்தன. மதலைமுத்துவின் முறை வந்தபோது அரசவால் ஈப்பிடிப்பான். அடர்ந்த நிழலில், நாடா மாதிரி வெள்ளை வால் முழத்துக்குத் தொங்க, அப்படியொரு படம். ஸ்ரீஹர்ஷா என்ற இளைஞன், சாப்ட்வேர் வேலை, புது லென்ஸ், மதலைமுத்துவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுபவன், "சார், செம சார்" என்று ஆரம்பித்தான். "மொதல்ல கண்ணு" என்று அவனை அடக்கிவிட்டு ருக்கு விரல்களை விரித்தார்.

கண் டேப்லெட் முழுக்க வந்தது. நீல வளையம், நடுவில் கறுப்பு. அவ்வளவுதான். முந்தின நாள் சாயங்காலம் அவசரத்தில் அவர் இரண்டு புள்ளியையும் சேர்த்து அழித்துவிட்டிருந்தார்.

"புள்ளி எங்க?" என்றார் ருக்கு.

"நெழலு மேடம்."

"நிழலானாலும் ஆகாசம்னு ஒண்ணு இருக்கோல்லியோ? செத்த குருவிக்குத்தான் இப்படி இருக்கும்." இன்னும் பெரிதாக்கினார். அழித்த இடத்தில் கறுப்பு திட்டுத்திட்டாகத் தெரிந்தது. புள்ளிவிவரத் துறையில் தப்புக் கணக்குகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியவர் அவர். "பிளாஷ் போட்டேளா, முத்து சார்?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. ஆனால் இட்லித் தட்டு கையில் கிடுகிடுக்க ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் அதைப் பார்ப்பதற்குள் பேச்சை முடித்தாக வேண்டும். தட்டை அவசரமாக மேசையில் வைத்துவிட்டு, கையைப் பாக்கெட்டுக்குள் செலுத்தி, "ஆமா மேடம், போட்டேன்" என்றார்.

"மே மாசம் விசிறிவால் கூட்டுலயும்?"

"அதுலயும்தான் மேடம்."

ஸ்ரீஹர்ஷா தரையைப் பார்த்தான். ருக்கு டேப்லெட்டை மூடினார். "குரூப்லேர்ந்து எடுக்கறது ஒரு நிமிஷ வேலை. அது முக்கியமில்லை. பன்னெண்டு வருஷமா வெறுங்கையில எடுத்தவர் நீங்க. ஏன்னு மட்டும் சொல்லுங்கோ."

"ஆசை மேடம். நல்ல படம் வரணும்னு ஆசை" என்றார் மதலைமுத்து.

பேராசைக்காரன் என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை, நடுங்குபவன் என்ற பேர் வேண்டாம். அந்த நிமிடத்தில் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் அசிங்கமாக இருந்தது. அந்தக் காலிக் கிண்ணம் கண்ணிலேயே நின்றது.

அக்டோபர் இரண்டாவது வாரம் ருக்குவிடமிருந்து செய்தி வந்தது. ஆறுமணிக் குருவி வந்துவிட்டது, அதே மூங்கில் தோப்பில். இமயமலை அடிவாரத்திலிருந்து தெற்கே போகும் வழியில் சில நாள் பெங்களூரில் தங்கி மூச்சு வாங்கும் குருவி அது. பச்சை முதுகு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. காலையும் மாலையும் ஆறு மணி சுமாருக்குக் குரல் கொடுக்கும் என்பதால் அந்தப் பேர். வந்து இறங்கும்போது களைத்துக் கிடக்கும். செய்தியின் கடைசி வரி தனியாக அவருக்கு: 'முத்து சார், நீங்களும் வரணும். பிளாஷை ஆத்திலேயே வெச்சுட்டு வாங்கோ.'

அந்த வாரம் அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. போகாவிட்டால் கோபித்துக்கொண்டார் என்பார்கள். போய்ப் படம் எடுக்காவிட்டால் ஏன் என்பார்கள். எடுத்தால் இரண்டு அலகுக் குருவி வரும், குழுவே பெரிதாக்கிப் பார்க்கும். அரிசிப் பையின்மேல் லென்ஸை வைத்துப் பழகினார். முழங்கையை மார்போடு இறுக்கிக்கொண்டு மூச்சை அடக்கிப் பார்த்தார். மணிக்கட்டில் ரப்பர் பட்டை போட்டுக்கொண்டார், வேலை முடிந்து வரும் கம்பெனி வண்டியில் அதைப் பார்த்துவிட்டு லாவண்யா, "இன்னாண்ணா இது, பேஷனா" என்று கேட்டாள். ஒன்றும் உதவவில்லை. வேண்டாம் என்றதும் கை இன்னும் அதிகமாக ஆடியது.

ஞாயிறு காலை எட்டுப் பேர் மூங்கில் தோப்பின் விளிம்பில் தரையில் உட்கார்ந்தார்கள். ருக்குவின் கட்டளை அப்படி: நிற்கக்கூடாது, நடக்கக்கூடாது, பேசக்கூடாது. மதலைமுத்துவுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அவர் வேண்டுமென்றே எல்லோரையும் விட்டுத் தள்ளி, வளைவில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். பீரங்கியை மடியில் வைத்துக்கொண்டார். குருவி அவர்கள் பக்கமாகவே வரட்டும், என் பக்கம் வரவேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். ஒரு குருவி வரக்கூடாது என்று அவர் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

முக்கால் மணி நேரம் கழித்து, அவருக்கு முன்னால் சருகு ஒன்று புரண்டது. பிறகு இன்னொன்று. மூங்கிலுக்குப் பின்னாலிருந்து ஆறுமணிக் குருவி தத்தித்தத்தி வந்து, அலகால் சருகைப் புரட்டி, புழுவை இழுத்து விழுங்கியது. நேராக அவரை நோக்கி வந்தது. பத்தடி, எட்டடி, ஆறடி. இவ்வளவு கிட்டத்தில் அந்த லென்ஸால் பார்க்கவே முடியாது, தூரத்துக்கென்றே செய்த சாமான். மதலைமுத்து மெதுவாக லென்ஸைக் கீழே இறக்கிவிட்டு, வலது கையைத் தரையில் ஊன்றினார். மற்ற ஏழு பேருக்கும் சரியான தூரம். ஏழு லென்ஸும் அவர் பக்கம் திரும்பின.

அமைதியில் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. சரசரவென்று காய்ந்த மூங்கிலிலை. குருவி நிமிர்ந்து பார்த்தது. சத்தம் அவர் கையிலிருந்து வந்தது. விரல்கள் சருகின்மேல் தம் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"சார்" என்று ஸ்ரீஹர்ஷா காற்றோடு கிசுகிசுத்தான். "அல்லாடபேடி சார். கையை ஆட்டாதீங்க. போயிடும்."

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடிக்கலாம். ஆனால் அந்த அசைவுக்கே குருவி பறந்துவிடும். கையைத் தூக்கினாலும் பறந்துவிடும். எழுந்து நடந்துவிடலாம், அவருக்குப் பழக்கமான வழி அதுதான். எழுந்தால், மலையிலிருந்து வந்து ஒரு வாய்ப் புழு தின்றுகொண்டிருக்கும் ஜீவன் மறுபடி பயந்து ஓடும். ஒரு தாய்க் குருவியை ஏற்கனவே அவர் ஓட்டியாயிற்று. மதலைமுத்து உட்கார்ந்தே இருந்தார். உடம்பு முழுக்கக் கல்லாக இருந்தது, அந்த ஒரு கையைத் தவிர.

"சார், ப்ளீஸ் சார். கொஞ்ச நேரம் நிறுத்துங்க."

"நிக்க மாட்டேங்குது, ஹர்ஷா" என்றார் மதலைமுத்து. குரல் தாழ்ந்திருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது. "ஜனவரிலேர்ந்தே நிக்கல. நான் ஆட்டல. அதுவா ஆடுது."

ஸ்ரீஹர்ஷா கேமராவை முகத்திலிருந்து இறக்கிவிட்டான். ருக்குவின் குரல் வந்தது, அதட்டல் இல்லாமல். "ஆடட்டும் விடுங்கோ முத்து சார். அதுக்கு ஒண்ணும் பயமில்லை, பாருங்கோ."

குருவி போகவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டது. சருகுக்கடியில் பெரிய புழு ஏதோ நெளிகிறது என்று நினைத்ததோ என்னவோ, சத்தம் வரும் பக்கமாக இரண்டு தத்துத் தத்தி, அவர் விரலுக்கு ஒரு முழ தூரத்தில் நின்று, அங்கிருந்த சருகைப் புரட்டியது. லென்ஸ் இல்லாமல், கேமராவின் சதுரம் இல்லாமல், ஒரு குருவியை இவ்வளவு நேரம் வெறும் கண்ணால் அவர் பார்த்ததே இல்லை. அதன் மார்பு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதுவும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. கண் நிறைந்து வழிந்தது, துடைக்கக் கையை எடுக்கவில்லை.

அது வயிறு நிறைந்து மூங்கிலுக்குள் போனது. ஸ்ரீஹர்ஷா வந்து பீரங்கியை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அன்றைக்கு ஹோட்டலில் கண் பார்க்கும் சடங்கும் நடக்கவில்லை.

மத்தியானம் வீட்டில் அவர் அறைக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தபோது ருக்குவிடமிருந்து ஒரு படம் வந்தது. 'குரூப்ல போடலை. உங்களுக்கு மட்டும். பிளாஷ் இல்லை, ரொம்ப மெதுவான ஷட்டர்' என்று கீழே எழுதியிருந்தார். ஆறுமணிக் குருவி அசையாமல் நிற்கிறது, ஒவ்வொரு இறகும் தெளிவு. அவர் பழக்கதோஷத்தில் முதலில் கண்ணைப் பெரிதாக்கினார். ஒரே ஒரு புள்ளி, வானம். பிறகு படத்தைச் சுருக்கினார். குருவிக்குப் பக்கத்தில் சருகின்மேல், புகை மாதிரி கலங்கலாக, நான்கைந்து கை ஒன்றின்மேல் ஒன்று படிந்தது போல ஒரு கை.

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஃபிலோமினா மூன்று மணி டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். போனும் ஆடியது.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து, போனை நிலையாக்கிக்கொண்டு பார்த்தாள். "குருவி நல்லா கீது. பக்கத்துல இன்னா, கலங்கலா?"

"என் கையி."

அவள் ஆச்சரியப்படவில்லை. மணிக்கட்டை விடாமலே படத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

"ஃபிலோ, எனுக்குக் கையி நடுங்குது. உன்கிட்ட சொல்லல."

"நீங்க சொன்னாத்தானா?" என்றாள் ஃபிலோமினா. "பிப்ரவரிலேர்ந்து பாதி டம்ளர்தானே ஊத்திக்கினு வரேன்."

எட்டு மாதத்துப் பாதி டம்ளர்களும் மதலைமுத்துவுக்கு ஒன்றாக ஞாபகம் வந்தன. சுகர் என்று அவள் சொன்னதையும், ரேஷன் என்று தான் முனகியதையும் நினைத்துக்கொண்டு அடுப்பு மேடையையே பார்த்தபடி நின்றார். அப்படி நிற்பது தனக்கே தெரியாமல் வெகு நேரம் நின்றார்.

"நாளைக்கு லீவு போடுங்க. டாக்டரப் பாக்கலாம்" என்றாள் அவள்.

"உக்கார வெச்சிருவாங்களா?"

"யாரு உங்களயா?" அவள் இன்னொரு டம்ளரை எடுத்தாள், விளிம்பு வரை ஊற்றினாள், அவர் கையில் கொடுக்காமல் மேடைமேல் வைத்தாள். "நடந்தே போலாம். மொதல்ல இத ரெண்டு கையிலயும் புடிச்சி குடிங்க. சிந்தினா நான் தொடச்சிக்கிறேன்."

அவர் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். சட்டையெல்லாம் டீ.